எஞ்சினை இறக்கியவன்

கமுந்திங்,
7 பிப்ரவரி 1993

அன்பு மகள் சாந்தகுமாரிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே இரண்டு பேரும் சுகம். உன் அம்மாவின் முழங்கால் மட்டும் மழை வருவதை ரேடியோவுக்கு முன்பே சொல்லிவிடுகிறது. அங்கே ஆற்றில் தண்ணீர் எப்படி, படகு ஒழுங்காக வருகிறதா? உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் டீச்சரின் முழுப் பெயரைச் சொல்லப் பழகிவிட்டார்களா, இல்லை இன்னும் வெறும் 'செகு சாந்தா'தானா?

போன வருஷம் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவுடன் மூளையுள்ளவன் கூரையை மாற்றியிருப்பான். உன் அப்பன் ஸ்போர்ட்ஸ் காடி வாங்கினான். இரண்டு கதவு, இரண்டு இருக்கை, சிவப்பு, இருபத்திரண்டு வயது. அதில் உட்காருவது சுலபம். எழுந்திருக்க இன்னொரு ஆள் வேண்டும். இப்போது அதற்கு நடுக்கம் கண்டிருக்கிறது. சிவப்பு விளக்கில் நிறுத்தினால் கண்ணாடியில் பின்னால் வரும் ஒரு லோரி மூன்றாகத் தெரிகிறது.

பக்கத்து வீட்டு ஹாஷிமைக் கூப்பிட்டேன். இன்றைக்கு முடிவெட்டுகிறவன் என்றாலும், பத்து வருஷம் பட்டாளத்து லோரிகளைப் பிரித்துப் பூட்டிய கை.

"கைப்பிரேக்கப் போடு. கியர்ல வச்சு கிளட்ச்ச லேசா விடு. லேசாடா! என்னைய ஏத்திக் கொன்னுறாத" என்றான். எஞ்சின் ஒரு பக்கமாக எழும்பி மறுபடி தொப்பென்று உட்கார்ந்தது.

"பாத்தியா முத்து? எஞ்சின் மவுண்டிங் ரெண்டும் செத்துப்போச்சு. எஞ்சினத் தாங்குற ரப்பர் பிஞ்சு ஊசிப்போன அப்பமா கெடக்கு."

"நானே வீட்ல மாத்திடுவேன்" என்றேன்.

"நீ ரயில்ல டிக்கெட் கிழிச்சவன்டா."

"இருபத்தஞ்சு வருஷம் எஞ்சின் பக்கத்துலயே இருந்தவன்."

"நான் இருபத்தஞ்சு வருஷமா உன் பக்கத்துல இருக்கேன். எனக்கு இட்லி சுடத் தெரியுதா?"

ஆக, அடுத்த ஞாயிறு இருவருமாகச் செய்வதென்று முடிவு. நோன்பு தொடங்குமுன் முடித்தாக வேண்டும். தொடங்கிவிட்டால் பெருநாள்வரை ஊரே அவன் நாற்காலியில்தான் தலையைக் கொடுக்கும். அவனுக்கு வருஷமே அந்த ஒரு மாதம்தான்.

கொசுவலையைக் கட்டிப் படு. கிழிந்திருந்தால் எழுது, அம்மா அனுப்புவாள்.

உன் அப்பா,
அங்கமுத்து

---

பெலாகாவுக்கு மேலே, சரவாக்
21 பிப்ரவரி

அன்புள்ள அப்பா, அம்மா,

கடிதம் நேற்றுப் படகில் வந்தது. நான் நலம். கொசுவலையும் நலம். அம்மா முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கிறாரா, இல்லை புட்டியை அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறாரா?

இதற்குள் எஞ்சின் மவுண்டிங் மாறியிருக்கும். காடி நடுங்காமல் நின்றால் அது ஹாஷிம் மாமா செய்தது, நடுங்கினால் நீங்கள் செய்தது என்று நான் இங்கிருந்தே தீர்ப்பு எழுதிவிட்டேன். எனக்குச் சைக்கிள் சங்கிலி மாட்டக் கற்றுத் தந்தவர் அவர். "நான் சொல்றத நீ திருப்பிச் சொல்லு, அப்புறம்தான் கைய வைக்கணும்" என்பார். இங்கே நான் பிள்ளைகளைப் படகில் ஏற்றும்போதும் அதையே சொல்கிறேன். நான் 'உட்கார்' என்றால் அவர்கள் 'உட்கார்ந்தாச்சு' என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் கயிற்றை அவிழ்ப்போம்.

மாமாவுக்கும் ரம்லா அத்தைக்கும் என் சலாம் சொல்லுங்கள்.

அன்புடன்,
குமாரி

---

கமுந்திங்,
25 பிப்ரவரி

அன்பு மகளுக்கு,

உன் உடல்நலம் கேட்டு அப்பா. இங்கே எங்கள் இருவருக்கும் ஒரு குறையும் இல்லை.

அம்மாவுக்குப் புது மருந்து கொடுத்திருக்கிறார்கள். கசப்பாம். மருந்தின் கசப்பையெல்லாம் என்மேல்தான் இறக்குகிறாள். பின்வாசல் பப்பாளி காய்த்துவிட்டது. பாலா மாமா மகளுக்கு ஈப்போவில் வேலை கிடைத்திருக்கிறது. தபால் நிலையத்தில் புதிதாக வந்த பெண் என் கையெழுத்தைப் பார்த்து, "அங்கிள் டாக்டரா?" என்று கேட்டாள்.

காடி வேலையில் ஒரு சின்ன விபத்து. ஹாஷிமுக்குக் கையில் கொஞ்சம் அடி. எஞ்சினை ஜாக்கியில் தூக்கி, இடது பக்கத்துப் புது ரப்பரை வைத்து, இறக்குகிற நேரம். போல்ட் போடும் துளை நேராக வந்துவிட்டதா என்று அவன் விரலை விட்டுப் பார்த்திருக்கிறான். அந்த நேரம் பார்த்து ரோட்டில் ஒரு பெரிய லோரி போனது. அந்தச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. அவசரப்பட்டுவிட்டான், பாவம். ஆஸ்பத்திரியில் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள். நீ கவலைப்படாதே.

காடி அப்படியே முட்டுக்கட்டையில் நிற்கிறது. சேவல் கூரையில் ஏறுவதை விட்டுவிட்டு இப்போது அதன்மேல் ஏறி நின்று கூவுகிறது. என்னைத்தான் கூப்பிடுகிறதோ என்னவோ.

அப்பா

---

பெலாகா
14 மார்ச்

அன்புள்ள அப்பா,

எல்லோரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். பப்பாளி, தபால் நிலையம், சேவல் என்று ஊர்க்கதையெல்லாம் எழுதியிருக்கிறீர்கள், ஹாஷிம் மாமா கைக்கு ஒரே வரி.

எந்தக் கை? எந்த விரல்? எவ்வளவு அடி? பெருநாள் வருகிறதே, கடையை யார் பார்க்கிறார்கள்? அவர் விரலை விட்டபோது ஜாக்கியின் கைப்பிடி யாரிடம் இருந்தது?

மாமாவுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். அம்மாவுக்கு முத்தம்.

குமாரி

---

கமுந்திங்,
30 மார்ச்

அன்பு மகள் குமாரிக்கு,

நீயும் உன் பிள்ளைகளும் நலமென்று நம்புகிறேன். நாங்கள் நலம் என்று எழுதுவது வழக்கம். எழுதிவிட்டேன்.

கேட்டாய், சொல்கிறேன். வலது கை. ஆள்காட்டி விரல். இரண்டு கணு எடுத்துவிட்டார்கள்.

பெருநாளுக்குக் கடை திறக்கவில்லை. திறக்கவில்லை என்று தெரியாமல் வந்தவர்கள் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நானும் அம்மாவும் முறுக்கு எடுத்துக்கொண்டு பெருநாள் வாழ்த்துச் சொல்லப் போனோம். ரம்லா எப்போதும்போல ரெண்டாங் கறி வைத்தாள். எனக்கு இறங்கவில்லை. காரம் என்று சொல்லித் தப்பித்தேன். "உங்களுக்கா காரம்?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை.

ஷா ஆலாமிலிருந்து அவன் மூத்த மகன் அஸ்மான் வந்திருந்தான். எங்கள் முன்னாலேயே, "அப்பாவுக்கு முன்னமாரி நிதானம் இல்ல, அங்கிள். துளைக்குள்ள யாராச்சும் விரல விடுவாங்களா? இனி அவர இங்க தனியா விட முடியாது" என்றான். ஹாஷிமின் மோட்டார் சைக்கிள் சாவியை அவன்தான் வாங்கி வைத்திருக்கிறான். ஹாஷிம் தட்டைப் பார்த்துக்கொண்டு இடது கையால் சாப்பிட்டான். இடது கையால் சாப்பிடுவது அவர்களுக்கு எவ்வளவு சங்கடம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஜாக்கி என்னிடம்தான் இருந்தது. நான்தானே பிடிக்க முடியும், வேறு யார்? மழை கூரைத் தகரத்தில் அடித்த அடியில் காதில் ஒன்றும் விழவில்லை.

கொசுவலை அனுப்பியிருக்கிறாள் அம்மா. கேட்கவில்லைதான், இருந்தாலும் வைத்துக்கொள்.

அப்பா

---

பெலாகா
20 ஏப்ரல்

அன்புள்ள அப்பா,

கொசுவலை வந்தது, நன்றி. நான் நலம். ஒரு வாரம் காய்ச்சல், இப்போது போய்விட்டது. அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

ஹாஷிம் மாமாவிடமிருந்து பதில் வந்திருக்கிறது. இடது கையால் எழுதியது. ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு பக்கம் சாய்கிறது, என் முதலாம் வகுப்புப் பிள்ளைகள் எழுத்துப் போல. அவர் எழுதியதை அப்படியே சொல்கிறேன்: "என் அவசரம்மா. உங்கப்பா பாவம், ரொம்ப மனசு ஒடைஞ்சு கெடக்கான். அவன ஒண்ணும் கேட்டுராத."

அப்பா, பிப்ரவரிக் கடிதத்தில் லோரி போனது. மார்ச் கடிதத்தில் மழை பெய்தது. இரண்டு கடிதமும் என் முன்னால் இருக்கின்றன.

மாமா கேட்டுராத என்கிறார். அதனால்தான் கேட்கத் தோன்றுகிறது.

குமாரி

---

கமுந்திங்,
16 மே

அன்பு மகளுக்கு,

நலம். காய்ச்சல் பற்றி அம்மாவிடம் சொல்லவில்லை. சூடாகச் சாப்பிடு.

இங்கே வெயில். காடியை விற்றுவிடலாமா என்று பார்க்கிறேன். முட்டுக்கட்டையில் நிற்பதை யார் வாங்குவார்கள்.

அப்பா

*இதே தாளின் பின்பக்கம், அம்மாவின் கையெழுத்தில்:*

குமாரி, அம்மா. கால் பரவாயில்லை. உங்கப்பா சாப்பாட்டைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார். ஹாஷிம் அண்ணன் வேலிப் பக்கம் வந்து நின்றால் இவர் உள்ளே வந்துவிடுகிறார். அஸ்மான் ஜூலைக் கடைசிச் சனிக்கிழமை லோரி கொண்டுவந்து கடையைக் காலி செய்யப் போகிறானாம். அண்ணனையும் ரம்லா அக்காவையும் ஷா ஆலாம் கூட்டிக்கொண்டு போகிறானாம். அக்கா சவரக் கத்தியைக்கூட ஒளித்து வைத்துவிட்டார்களாம், அண்ணன் இன்னொரு தடவை கையை அறுத்துக்கொள்வார் என்று. இதையெல்லாம் சொன்னால் உங்கப்பா ரேடியோவைச் சத்தமாக வைக்கிறார். நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

---

பெலாகா
6 ஜூன்

அப்பா,

அம்மா எழுதியதைப் படித்தேன். உங்களிடம் ஒன்றும் கேட்கப்போவதில்லை. மாமா கேட்க வேண்டாம் என்றாரே.

நான் நலம். நீங்கள் சாப்பிடுங்கள்.

குமாரி

---

கமுந்திங்,
27 ஜூன்

குமாரி,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் இதை எழுதாவிட்டால் மறுபடி பப்பாளிக்குப் போய்விடுவேன்.

இன்று காலை காடியின் வலது பக்கத்தைத் தனியாகவே மாற்றினேன். எஞ்சின் அடியில் பலகை வைத்து ஜாக்கியில் தூக்கினேன். பிய்ந்த ரப்பரை எடுத்துப் புதியதை வைத்தேன். மெல்ல இறக்கினேன். துளை அரை அங்குலம் தள்ளி நின்றது. நிறுத்திவிட்டு, நீள ஸ்குரூ டிரைவரை விட்டுப் பார்த்து, கடப்பாரையால் எஞ்சினை ஒரு தள்ளு தள்ளினேன். நேராக வந்தது. இறக்கினேன். உட்கார்ந்தது. கையில் கடிகாரம் இருந்தது. இரண்டு நிமிஷம்.

அவன் என்னிடம் கேட்டதும் அந்த இரண்டு நிமிஷம்தான்.

அன்றைக்கு லோரி போகவில்லை. மழையும் இல்லை. எதிர்வீட்டு நாதனும் சாப்பாட்டுக் கடைக்காரரும் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். நான் ஜாக்கியருகே குந்தி அரை மணி நேரம். என் காடி, என் வீடு, ராத்திரியெல்லாம் கண்முழித்துப் புத்தகம் பார்த்து வைத்தவன் நான். ஹாஷிம் ஒவ்வொன்றும் சொல்லிக்கொண்டிருந்தான். "தூக்கு. போதும். கொஞ்சம் எறக்கு. அவ்வளவுதான். நீ ஜாக்கிய மட்டும் பாரு, மூளைய நான் பாத்துக்கறேன்" என்றான். நாதன் சிரித்தார். சாப்பாட்டுக் கடைக்காரரும் சிரித்தார். எப்போதும் பேசுகிற பேச்சுத்தான். இன்னொரு நாளாயிருந்தால் நானும் சேர்ந்து சிரித்து, அவனுக்குத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

அப்புறம் அவன், "இரு. கைய விடறேன்" என்றான்.

கேட்டது, குமாரி. நன்றாகக் கேட்டது. நீ எழுதியிருந்தாயே, அவன் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று. நானும் சொன்னேன். "சரி, இருக்கேன்" என்றேன். அதைக் கேட்ட பிறகுதான் அவன் விரலை விட்டான்.

எத்தனை தடவைடா 'இரு' என்று மனசுக்குள் ஒரு எரிச்சல். எல்லாம் நேராகத்தான் இருக்கும், இவன் பெரிய மனுஷத்தனம் காட்டுகிறான் என்று கைப்பிடியைத் திருகிவிட்டேன். மெல்லத் திருகினால் மெல்ல இறங்கும். நான் மெல்லத் திருகவில்லை.

அவன் கத்தவில்லை. "முத்து, தூக்கு" என்று மட்டும் சொன்னான். அந்தக் குரலில்கூட என்மேல் கோபம் இல்லை.

ஆஸ்பத்திரியில் அஸ்மான் ஓடிவந்து, "எப்படி ஆச்சு அங்கிள்?" என்றான். அதற்குள் என் வாய் முந்திக்கொண்டது: "உங்கப்பா சொல்லாம கொள்ளாம விரல விட்டுட்டாருப்பா." ஹாஷிம் கட்டிலில் படுத்தபடி என்னைப் பார்த்தான். ரொம்ப நேரம் இல்லை. பிறகு மகனைப் பார்த்து, "ஆமா, என் அவசரம்" என்றான்.

அன்றிலிருந்து அவனுக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று அவன் வீடே நம்புகிறது. தப்பு செய்யாதவனிடமிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். செய்தவன் பக்கத்து வீட்டில் ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மகளே, உன்னிடம் சொல்லிவிட்டேன். கொஞ்சம் லேசாக இருக்கிறது.

நீ நலமா?

அப்பா

---

பெலாகா
15 ஜூலை

அப்பா,

நலம்.

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கோபமா, பாவமா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டும்தான்.

"கொஞ்சம் லேசாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் சொன்னதால் யாருக்கு லேசாயிற்று? மோட்டார் சாவி அஸ்மானிடம்தான் இருக்கிறது. உண்மையை மாமா வீட்டில் போய்ச் சொல்ல நானோ ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன். நீங்கள் ஒரு வேலிக்கு அந்தப் பக்கம்தான்.

லோரி முப்பத்தொன்றாம் தேதி வருகிறது. இந்தக் கடிதம் அதற்குள் வந்து சேர வேண்டும் என்று படகுக்காரரிடம் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

குமாரி

---

கமுந்திங்,
22 ஆகஸ்ட்

அன்பு மகள் சாந்தகுமாரிக்கு,

அம்மா நலம். நானும் உயிரோடு இருக்கிறேன், அதையும் நலம் என்றே வைத்துக்கொள். உன் கடிதம் இருபத்தொன்பதாம் தேதி வந்தது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் சுற்றினேன். வியர்வையில் பாதி எழுத்து அழிந்துவிட்டது. தேதி மட்டும் அழியவில்லை.

சனிக்கிழமை காலை கடைவாசலில் லோரி நின்றது. அஸ்மானும் இரண்டு ஆட்களும் முடிவெட்டும் நாற்காலியைத் தரையிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தார்கள். ரம்லா கண்ணாடிகளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். ஹாஷிம் வாசல் பெஞ்சில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தான். பக்கத்துக் கடைக்காரர்கள் நாலைந்து பேர் வழியனுப்ப வந்திருந்தார்கள். இத்தனை பேர் முன்னாலா என்று திரும்பிவிடப் பார்த்தேன். அன்றைக்கு இரண்டு பேர் சிரித்ததைத் தாங்காதவன்தானே நான். அந்த நினைப்பு வந்ததும் கால் நின்றது.

"அஸ்மான், அந்த நாற்காலிய வச்சிருப்பா" என்றேன். "உங்கப்பா 'இரு'ன்னு சொன்னாரு. நான் 'சரி'ன்னேன். சரின்னு சொல்லிட்டு எறக்கிட்டேன். அவர் அவசரப்படல. அவருக்கு ஒண்ணும் ஆகல. பொய் சொன்னவன் நான்."

ஸ்பேனரைப் பிடித்தபடி அஸ்மான் என்னைப் பார்த்தான். பிறகு அவன் அப்பாவைப் பார்த்தான். "நெசமாப்பா?"

ஹாஷிம் என்னிடம்தான் திரும்பினான். அவ்வளவு கோபமாக அவனை நான் பார்த்ததே இல்லை.

"வெரலுக்கு ஒண்ணும் இல்லடா முத்து. அது போகட்டும். ஆஸ்பத்திரில நீ பயந்துட்ட, சரி, ரெண்டு நாள்ல வந்து சொல்லுவன்னு வாய மூடிக்கிட்டேன். ரெண்டு நாளு! அஞ்சு மாசம்டா. எம் பையன் எஞ் சாவியப் புடுங்குனான். எம் பொண்டாட்டி எங் கத்திய ஒளிச்சு வச்சா. பேரப்புள்ளைய எங் கைல குடுக்கல, கீழ போட்டுருவேனாம். நீ வேலிக்கு அந்தாண்ட நின்னு பாத்துக்கிட்டுத்தானடா இருந்த?"

"ஆமா" என்றேன்.

"போ. எம் மூஞ்சில முழிக்காத."

போனேன். நடக்கும்போது முதுகுக்குப் பின்னால் ரம்லா அழுதுகொண்டே அவனைத் திட்டினாள், "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே, எங்கிட்டயாவது" என்று. மத்தியானம் லோரி காலியாகத் திரும்பிப் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சாயங்காலம் ஹாஷிம் மோட்டார் சைக்கிளில் எங்கள் வாசலைக் கடந்தான். ஒருதரம் ஆரன் அடித்தான், எனக்காக இல்லை, சேவல் குறுக்கே வந்ததால்.

இரண்டு வாரமாகக் கடை திறந்திருக்கிறது. கத்தரிக்கோலைப் பிடிக்கப் பழகிக்கொண்டிருக்கிறான், நடுவிரலை நீட்டி, கொஞ்சம் மெதுவாக. சவரம் மட்டும் இப்போதைக்கு, உதவிக்கு வந்திருக்கும் அவன் இளைய மகன்தான் செய்கிறான். காடி இப்போது நடுங்குவதில்லை. ஓட்டுவதற்கு எனக்குத்தான் மனசில்லை. வாங்க ஒரு ஆள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறான்.

என் முடி காதை மூடிவிட்டது. உன் அம்மா, "பஜனைக் கோஷ்டியில சேரப் போறீங்களா?" என்கிறாள். வேறு கடைக்குப் போக மாட்டேன். தினமும் காலையில் ஹாஷிம் கடைக்குப் போய் வாசல் பெஞ்சில் உட்காருகிறேன். ஒருவன் எழுந்ததும் ஹாஷிம் கழுத்துத் துணியை உதறிவிட்டு, "அடுத்து" என்பான். அடுத்து நான்தான். எனக்குப் பின்னால் வந்தவனைப் பார்த்துத் தலையசைப்பான். அவன் தயங்கி என்னைப் பார்ப்பான். "போங்க, நீங்க போங்க" என்பேன்.

நேற்று மழை. வேறு யாருமே வரவில்லை. நானும் அவனும் மட்டும். துணியை உதறினான், நாற்காலியைத் துடைத்தான், சீப்புகளைக் கழுவினான். "அடுத்து" என்று சொல்லவே இல்லை. ஒரு மணி நேரம் அப்படியே போயிற்று. மழை சாய்ந்தடித்து என் காலெல்லாம் நனைந்தபோது, என்னைப் பார்க்காமலே வெளியே வந்து, பெஞ்சின் மறுமுனையைப் பிடித்து, நான் உட்கார்ந்திருக்க, உள்பக்கமாக ஒரு அடி இழுத்துப் போட்டுவிட்டுப் போனான்.

இன்றும் போகிறேன்.

அப்பா